சங்கிலிமுத்துவைப் பார்த்தவர்கள்

பட்டாசுக்கு மருந்து கலக்கும் அறை வெடித்துச் சிதறியபோது, இசைவாணி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றப் பெண்களுக்கு ஒரு பேய்க் கதை வாசித்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். கிளை நூலகத்தில் எடுத்த புத்தகம். விசாரணைக் குழு கேட்டபோது இதை அவள் உள்ளபடியே சொன்னாள். உள்ளபடி சொல்வதில் இருக்கும் ஆபத்து அவளுக்கு அப்போது தெரியாது.

தாயில்பட்டிக்குக் கிழக்கே இருந்த அந்தக் கம்பெனியில் அவள் பாக்கெட் ஒட்டும் வேலை பார்த்தாள். வெடித்த அறைக்குள் இருந்தவர் சங்கிலிமுத்து ஒருவர்தான். சொந்தமில்லை என்றாலும் இசைவாணி அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அவர் மனைவி கருப்பம்மாள் அவளுக்கு மதினி. கம்பெனியை மூடி சீல் வைத்த கையோடு, நடந்ததை ஆராய மாவட்ட வெடிவிபத்துக் காரண நிர்ணயக் குழு விருதுநகரில் ஒரு மாடி அறையில் கூடியது.

குழுவின் தலைவர் நவநீதகிருஷ்ணன் எந்த விசாரணையையும் உரையோடுதான் தொடங்குவார்.

"இந்தக் குழு அமைந்த நாளிலிருந்து, காரணம் கண்டுபிடிக்கப்படாத விபத்து ஒன்றுகூட இல்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். காரணம், இறந்தவரின் கவனக்குறைவு. எல்லா விபத்துக்கும் இந்த ஒரே காரணம் பொருந்தி வருவது நம் ஆய்வுமுறையின் துல்லியத்தைக் காட்டுகிறது. நம் முடிவை எதிர்த்து இறந்தவர் எவரும் இதுவரை மேல்முறையீடு செய்ததில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்."

பாதுகாப்பு ஆய்வாளர் ராம்குமார் மெல்லக் கைதட்டினார். கம்பெனி முதலாளி செல்வக்குமாரும் தட்டினார். அவர் குழு உறுப்பினர் இல்லை. ஆனால் குழுவுக்கு வந்த டீயும் முந்திரி பக்கோடாவும் அவருடைய காரில் வந்தன என்பதால், அவருக்கும் மேஜைக்கு அந்தப் பக்கமே நாற்காலி போட்டிருந்தார்கள்.

"வெடித்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று இசைவாணியைக் கேட்டார் தலைவர்.

"புத்தகம் வாசிச்சிட்டு இருந்தேன் சார்."

"என்ன புத்தகம்?"

"'வெண்பனி ஆலை மர்மம்'னு ஒரு பேய்க் கதை சார். கொலையும் வரும்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த கிளார்க் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தலைவர் முன்னால் சாய்ந்தார்.

"கொலையா? சம்பவம் நடந்த அதே நேரத்தில், அதே வளாகத்தில், கொலை வாசிக்கப்பட்டிருக்கிறது?"

"மொழிபெயர்ப்புதான் சார்," என்றாள் இசைவாணி, அது குற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்று நினைத்து.

குற்றம் குறையவில்லை. கதையைச் சொல்லச் சொன்னார்கள். அவள் சொன்னாள்: பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்தில் ஒரு காகித ஆலை. அங்கே ஒரு தொழிலாளி செத்துப்போகிறான். குதிரை உதைத்துச் செத்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மறுவாரத்திலிருந்து அவன் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

"எல்லார் கண்ணுக்கும் தெரியுதான் சார். கொன்னவன் கண்ணுக்கு மட்டும் தெரிய மாட்டான்."

"கொன்றது யார்?" என்று ராம்குமார் அவசரமாகக் கேட்டார்.

"அத இன்னும் வாசிக்கல சார். கடைசி அத்தியாயம் வரும்போதுதான் வெடிச்சிருச்சு."

புத்தகம் அங்கேயே பறிமுதல் ஆனது. கடைசிப் பக்கத்தை மட்டும் நின்றபடியே பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று இசைவாணி கெஞ்சினாள். விசாரணையில் இருக்கும் விஷயத்தைப் பொதுமக்களுக்கு வெளியிட முடியாது என்று தலைவர் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை இல்லை, வீட்டில் உட்கார்ந்தால் வெடிச் சத்தம் காதுக்குள் திரும்பக் கேட்டது. சத்தத்தை மறக்கக் கதையை நினைத்தால், கொன்றது யார் என்று தெரியாமல் மனசு அங்கேயும் இங்கேயும் ஓடியது. கருப்பம்மாளிடம் போய் உட்கார்ந்தாள். கருப்பம்மாள் பேசவே இல்லை. கதையை அதுவரை கேட்டிருந்த பெண்கள் சாவுக்குத் துட்டி கேட்க வந்த இடத்தில், "அண்ணனும் அப்படி வந்து உக்காந்தா நல்லாருக்கும்லா" என்று சொல்லி அழுதார்கள். அவ்வளவுதான். அவர்கள் அழுதது விருதுநகருக்குப் போய்ச் சேர்ந்தபோது, 'சங்கிலிமுத்து உலாவுகிறார்' என்ற தகவலாக மாறியிருந்தது.

குழு அமைதி இழந்தது. புத்தகம் தலைவர் வீட்டுக்கும் ஆய்வாளர் வீட்டுக்கும் முதலாளி வீட்டுக்கும் மாறி மாறிப் போய்வந்தது. அடுத்த அமர்வில் மூன்று பேருடைய கண்களும் சிவந்திருந்தன. ஆனாலும் ஆரம்பத்தில் பயம் இல்லை. 'கொன்றவன்' என்றுதானே போட்டிருக்கிறது?

"நான் தீப்பெட்டியைக்கூடக் கையில தொடுறதில்ல சார்," என்றார் செல்வக்குமார்.

"நான் அந்தக் கம்பெனிக்குள்ளேயே போனதில்லை," என்றார் ராம்குமார். பிறகு, அந்தக் கம்பெனியைப் பரிசோதித்துப் பாதுகாப்புச் சான்று கொடுத்தவர் தாம்தான் என்று நினைவு வந்து, "அதாவது, கெட்ட எண்ணத்தோடு போனதில்லை" என்று திருத்தினார்.

ஆனால் ராம்குமார் சந்தேகப் பிராணி. புத்தகத்தின் முன்பக்கத்தில் 'தமிழில்: செய்யது அபுதாஹிர், சிவகாசி' என்று இருந்ததைக் காட்டி, மொழிபெயர்ப்பாளரையும் விசாரித்துவிடுவது நல்லது என்றார். அதைச் சொன்னதற்காக அவர் பிறகு வெகுநாள் வருந்தினார்.

செய்யது அபுதாஹிர் சிவகாசியில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருப்பவர். நரைத்த தாடி, தடித்த கண்ணாடி. ஆசைக்காக நாவல்களை மொழிபெயர்ப்பவர். ஆங்கிலப் பிரதியை மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு, தம்மையும் ஒரு சபையில் மதித்துக் கூப்பிட்டார்களே என்ற சந்தோஷத்தோடு வந்தார்.

"இந்த நாவலின் மூலமொழி எது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பாஷையிலருந்து ஒருத்தர் இங்கிலீஷுக்குக் கொண்டுவந்தாரு. அந்த இங்கிலீஷ நான் தமிழுக்குக் கொண்டுவந்தேன்."

"அப்படியானால் இது இரண்டு கை மாறி வந்த வாக்குமூலம்."

"கதைங்க இது."

"அதைக் குழு முடிவு செய்யும். 'கொன்றவன் கண்ணுக்கு மட்டும் தெரிய மாட்டான்' என்ற வாக்கியத்தை உறுதி செய்கிறீர்களா?"

அபுதாஹிர் ஆங்கிலப் பிரதியைப் புரட்டினார். "இங்கிலீஷ்ல 'அவன் சாவில் பங்குள்ளவர்கள்'னு இருக்குங்க. அவுக கண்ணுக்குத்தான் தெரிய மாட்டான். தமிழ்ல வளவளன்னு வந்துச்சு. சுருக்கமா இருக்கட்டும்னு 'கொன்றவன்'னு போட்டேன்."

செல்வக்குமார் பக்கோடாவை வாய்க்குக் கொண்டுபோன கையைப் பாதியில் நிறுத்தினார். "பங்குன்னா?"

"செய்யச் சொன்னவன், தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தவன், போய்ப் பாக்க வேண்டிய எடத்தப் போய்ப் பாக்காமலே கையெழுத்துப் போட்டவன். அந்தக் கதையில மில்லு மொதலாளியிலருந்து சர்க்கார் ஆளுக வரைக்கும் அம்புட்டுப் பேரும் அதுல வருவாக."

தலைவர் தண்ணீர் குடித்தார். ராம்குமார் எழுந்து, காலியாக இருந்த நாற்காலி ஒன்றைக் கூர்ந்து பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

அமர்வு பாதியில் முடிந்தது. சாட்சியாக எல்லா அமர்வுக்கும் வரச் சொல்லப்பட்டிருந்த இசைவாணி, படியிறங்கும்போது அபுதாஹிரைப் பிடித்துக்கொண்டாள்.

"பாய், கடைசியில என்னதான் ஆகும்? சொல்லிருங்க, எனக்குத் தலையே வெடிச்சிரும்."

"கடைசியில போலீஸ் வந்து மில்லு மொதலாளியக் கைது பண்ணிக் கூட்டிட்டுப் போயிருவாகம்மா."

செத்தவன் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்ததை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நம்பியிருந்த இசைவாணியால் இதை நம்ப முடியவில்லை. "மொதலாளியவா?" என்றாள். "போங்க பாய். இம்புட்டு நேரம் நல்லாத்தான கொண்டுபோனாரு அந்த ஆளு."

மறு அமர்வில் முதலில் எழுந்தவர் ராம்குமார்.

"நேற்று மாலை ஆனைக்குட்டம் அணைப் பக்கம் போயிருந்தேன். அங்கே சங்கிலிமுத்துவை நேரில் கண்டேன். மிகத் தெளிவாகக் கண்டேன். தலைக்கவசம், கையுறை, பருத்தி உடை, காலணி எல்லாம் விதிப்படி அணிந்திருந்தார். அவர் வேலை பார்த்த காலத்தில் இவை அவருக்குத் தரப்பட்டிருந்தனவா என்று கேட்டால், அப்போது நான் அவரைப் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்க்கிறேன்."

செல்வக்குமார் அவரை முந்திக்கொண்டு போனார். "எங்க வீட்டு சோபாவுலயே வந்து உக்காந்துட்டார் சார். உயிரோட இருந்தப்போ கார் ஷெட்டுக்கு இந்தப் பக்கம் விட்டதில்ல. இப்போ என் பக்கத்துல! காபி கொடுத்தோம். 'தீபாவளி ஆர்டர் நிக்குதே மொதலாளி, கம்பெனியை எப்போ திறக்கீக?'ன்னு கேட்டார். செத்தும் தொழில் மேல என்ன ஒரு அக்கறை!"

தலைவர் தம் முறைக்காகக் காத்திருந்தார். "அவர் என் குடியிருப்புக்கும் வந்தார். வாசலில் நின்று, 'விசாரணை எனக்குத் திருப்தி' என்றார்."

"நாவல்ல அவன் பேச மாட்டான் சார்," என்றாள் இசைவாணி. சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"மொழிபெயர்ப்பில் விடுபட்டிருக்கும்," என்றார் தலைவர்.

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. கிளார்க் பார்த்தார். டிரைவர் பார்த்தார். கம்பெனிக்கு லைசென்சைப் புதுப்பித்துக் கொடுத்தவர், புதுப்பிக்கச் சொல்லி டெலிபோன் செய்தவர், அந்த டெலிபோனை இணைத்துக் கொடுத்தவர் என்று அழைக்காதவர்கள் எல்லாம் வந்து வரிசையில் நின்று, பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு மேலதிகாரி விமானத்தில் வந்தார். தம் பக்கத்து இருக்கையிலேயே சங்கிலிமுத்து மதுரை வரை வந்ததாகவும், ஜன்னலோர இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்ததாகவும் பதிவு செய்துவிட்டு அடுத்த விமானத்தில் திரும்பிப் போனார்.

இத்தனை பொறுப்பான மனிதர்கள் பார்த்த பிறகு குழுவால் சும்மா இருக்க முடியவில்லை. இடைக்கால முடிவு ஒன்றை வெளியிட்டது. சங்கிலிமுத்து பல இடங்களில் நேரில் காணப்பட்டிருப்பதால் மரணம் நிரூபணமாகவில்லை. மரணம் இல்லாததால் விபத்தும் இல்லை. அன்று கேட்டது ஒரு திட்டமிடப்படாத ஒலி. கம்பெனியைத் திறக்கத் தடையில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பொறுத்தவரை, அதில் ஓர் ஆணின் உடல் என்றுதான் இருக்கிறதே தவிர, அவரைப் பிறகு யாரும் பார்க்க முடியாது என்று எங்கும் சொல்லப்படவில்லை. மரணச் சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது.

மனைவியின் வாக்குமூலம் மட்டும்தான் பாக்கி. கருப்பம்மாளைக் கூப்பிட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவள், நாற்பது வயதிருக்கும். கூடவே இசைவாணியும் கம்பெனிப் பெண்களும் வந்து பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"அம்மா, உங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி," என்றார் தலைவர். "உங்கள் கணவர் நலமாக இருக்கிறார்."

கருப்பம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "எங்கன இருக்காரு?"

"பல இடங்களில். நாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டோம். நீங்களும் பார்த்ததாக ஒரு வரி சொல்லிவிட்டால் கோப்பை முடித்துவிடலாம்."

"நான் பாக்கல."

"யோசித்துச் சொல்லுங்கள். இந்தச் சொல்லுக்குப் பின்விளைவு உண்டு."

"ஆஸ்பத்திரில துணிய வெலக்கிக் காட்டுனாக," என்றாள் கருப்பம்மாள். அவள் குரல் உயரவில்லை. "மூஞ்சி இல்ல. கால் பெருவெரல்ல ஒரு நகம் பொறந்ததுலருந்தே கோணலா இருக்கும் அவுகளுக்கு. அத வச்சுத்தான் அடையாளம் சொன்னேன். அதுக்கப்புறம் நான் பாக்கல சார்."

ராம்குமார் தம் பேனா மூடியைத் திறந்தும் மூடியும் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கிளார்க்கின் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்த்திருக்க, மனைவி மட்டும் பார்க்கவில்லை என்கிறார். மூலநூலின்படி, பார்க்காதவர் சாவில் பங்குள்ளவர்."

"சாவே இல்லைன்னு முடிவு பண்ணிட்டோமே சார்," என்று ராம்குமார் கிசுகிசுத்தார்.

"சாவு இல்லாவிட்டாலும் பங்கு இருக்கலாம்."

இசைவாணிக்கு எல்லாம் தன்னால் வந்தது என்று பட்டது. அந்தப் புத்தகத்தை எடுத்துவந்தவள் அவள். அதைப் பற்றி வாய் திறந்தவளும் அவள். இப்போது அது மதினியின் கழுத்தில் வந்து நிற்கிறது. பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் இசைவாணி மட்டும் தப்பித்து வீட்டுக்குப் போய்விடலாம். எழுந்து நின்றாள்.

"சார், எனக்கும் தெரியல. நானும் அண்ணனப் பாக்கல."

"உட்காரம்மா."

"எனக்கும் தெரியல சார்," என்றது பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல். பிறகு இன்னொன்று. சொல்லிவைத்தது போல இல்லை. ஒருத்தி அழுதுகொண்டு சொன்னாள், ஒருத்தி கோபத்தில் கத்தினாள், ஒருத்தி பயத்தில் உட்கார்ந்தபடியே சொன்னாள். யாரும் பார்த்தேன் என்று சொல்லவில்லை. தலைவர் எல்லோருடைய பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டு, மறு உத்தரவு வரும்வரை மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது என்றார்.

வெளியே அபுதாஹிர் காத்திருந்தார். தம் சொல் ஒன்று இவ்வளவு தூரம் போனதில் அவருக்கும் சில நாட்களாகச் சாப்பாடு இறங்கவில்லை. கருப்பம்மாள் அவரைக் கவனிக்காமல் படியில் உட்கார்ந்தாள். புருஷன் செத்த நாளிலிருந்து அடக்கிவைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"அம்புட்டுப் பேரும் பாத்திருக்காகளாம்! சோபால உக்கார வச்சு காபி குடுத்தாகளாம்! பிளேன்ல கூட்டிட்டு வந்தாகளாம்! அப்ப என் வீட்டுக்கு மட்டும் ஏன் வரல? பாத்தவுக கூட்டிட்டு வந்து விடட்டும். எங்க வச்சிருக்காக என் புருஷன?"

அபுதாஹிர் கண்ணாடியைக் கழற்றினார். "இதையே நசிமாகிட்ட சொல்லுவோம்," என்றார்.

நசிமா அவர் மகள், மதுரையில் வக்கீல். குழுவின் முடிவை இரண்டு முறை வாசித்துவிட்டு, "அத்தா, இதுக்கு மேல நான் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்ல" என்றாள். ஆட்கொணர்வு மனு தாக்கலானது. என் கணவர் உயிரோடு இருப்பதாக அரசு அதிகாரிகளே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவர் வீடு திரும்பவில்லை. கடைசியாகப் பார்த்தவர்கள் அவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

நீதிபதி ஒரு வயதான பெண்மணி. வாக்குமூலங்களை வாசிக்கும்போது அடிக்கடி கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். வாசித்து முடித்ததும் பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் உத்தரவு போட்டார்: அடுத்த வாரம் சங்கிலிமுத்துவோடு வர வேண்டும். தவறினால், ஆளை மறைத்துவைத்திருப்பதாகக் கருத வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம் எல்லோரும் வந்தார்கள்.

"அந்தி வெளிச்சம் அம்மா," என்றார் ராம்குமார். "காலணி போட்டிருந்ததை வைத்தே அது வேறு ஆள் என்று நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்."

"சோபாவுல யாரும் இல்லம்மா," என்றார் செல்வக்குமார். "காபிய நான்தான் குடிச்சேன்."

சென்னை மேலதிகாரி, ஜன்னலோர இருக்கை காலியாக இருந்ததாக விமானக் கம்பெனியிடம் கடிதமே வாங்கி வந்திருந்தார். டிரைவர் பார்க்கவில்லை. கிளார்க் பார்க்கவில்லை. நவநீதகிருஷ்ணன் கடைசியாக வந்து, தாம் பார்த்ததாகச் சொன்னது குழுவின் மனவுறுதியைக் காக்கும் நோக்கத்தில் சொன்னது என்றும், தம் கண்ணுக்குச் சங்கிலிமுத்து ஒருநாளும் தெரிந்ததில்லை என்றும் சத்தியம் செய்தார்.

"ஆக, உங்களில் ஒருவர் கண்ணுக்குக்கூட அவர் தெரியவில்லை?" என்று கேட்டார் நீதிபதி.

"ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை அம்மா," என்றார்கள் எல்லோரும். இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் அதுவரை எதையும் சொன்னதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அபுதாஹிர் பையிலிருந்து ஆங்கிலப் பிரதியை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமலே இருந்தார்.

"சரி. இறந்துவிட்டார். எப்படி இறந்தார்?"

காரணம் கண்டுபிடிப்பதற்கென்றே அமைந்த குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. "கவன..." என்று ஆரம்பித்த தலைவர், நீதிபதியின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார்.

"நான் சொல்லுதேன்மா," என்றாள் கருப்பம்மாள். செல்வக்குமாரின் வக்கீல் எழுந்தார். உட்காரச் சொன்னார் நீதிபதி.

"அன்னைக்குக் காலையில சோத்துல கை வச்சிட்டுச் சும்மா இருந்தாரு. என்னன்னு கேட்டேன். 'நேத்து கலந்த மருந்து மிச்சம் கெடக்கு. பக்கத்துல போனாலே சூடு தெரியுது. கொட்டி அழிச்சிரணும்னு மொதலாளிட்ட சொன்னேன். லோடு போகணும், அதையே போட்டு முடின்னுட்டாக'ன்னாரு. அப்பப் போகாதீகன்னேன். 'நான் போகலைன்னா வேற ஆள உள்ள அனுப்புவாக. மத்தவுகளச் சாப்பிடத் தள்ளிவிட்டுட்டு நான் மட்டும் போயி முடிச்சிருதேன். ஒருத்தனுக்கு மேல எதுக்கு'ன்னு சொல்லிட்டுக் கைய கழுவிட்டாரு."

அன்றே வழக்குப் பதியச் சொல்லி உத்தரவானது. செல்வக்குமார் மேல், ராம்குமார் மேல். மரணச் சான்றிதழ் அந்த வாரமே கைக்கு வந்தது. குழு மட்டும் கலையவில்லை. அடுத்த விபத்துக்குத் தயாராக இருக்கிறது.

சாத்தூர் பஸ்ஸில் பெண்கள் ஊருக்குத் திரும்பினார்கள். இசைவாணி கருப்பம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு மணி அடிப்பதற்கு முன்பே சங்கிலிமுத்து வந்து, 'எந்திரிங்க, போயி சாப்பிடுங்க, அந்த மரத்துப் பக்கம் தள்ளிப் போயி உக்காருங்க' என்று கையை வீசி விரட்டியது அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. கோழியை விரட்டுகிற மாதிரி விரட்டுகிறாரே என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

"மதினி," என்றாள். "இத ஏன் அன்னைக்கே அவுககிட்ட சொல்லல?"

கருப்பம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்தேனா பாத்தேனான்னுதான் கேட்டாக வாணி. அவரு எப்படிச் செத்தாருன்னு ஒருத்தர் கேக்கலயே."